மறந்துவிட்டால்?

அன்புள்ள ஐயா,

பிபிசி 1976ல் எடுத்த 'ஐ, க்ளாடியஸ்' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். திக்கித் திக்கிப் பேசும் ரோமப் பேரரசராக வரும் டெரக் ஜேக்கபி மனதை விட்டுப் போகவில்லை. ஆங்கில மேடையின் பெரும் நடிகர் லாரன்ஸ் ஒலிவியரே தேடி அழைத்த மேடை நடிகராம். ஆனால் பிறகு அவர் செய்தவற்றைத் தேடினால் துப்பறியும் துறவி, காதலிக்கும் தாத்தா என்று டிவி தொடர்களாக வருகின்றன. இவ்வளவு பெரிய நடிகர் தொலைக்காட்சியில் வீணாகிவிட்டாரா?

கவிதா

அன்புள்ள கவிதா,

நல்ல கடிதம். 'வீணாகிவிட்டாரா' என்ற சொல்தான் உறுத்துகிறது. நீங்கள் துறவி என்று சொல்லிக் கடந்துபோகும் 'கேட்ஃபேல்' தொடரில் ஒரு கதையாவது பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்பது தெரிகிறது. பட்டியலைப் பார்த்து ஒரு மனிதரின் அறுபது வருட உழைப்பை எடைபோடாதீர்கள். மேடையா, டிவியா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. 1963 அக்டோபர் 22 அன்று லண்டனில் நேஷனல் தியேட்டர் என்ற நாடகக் குழு தன் முதல் நாடகமாக ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டை மேடையேற்றியது. அதில் ஹாம்லெட்டை எதிர்க்கும் லயர்டீஸாக நடித்த ஜேக்கபிக்கு அன்று 25வது பிறந்தநாள். பிற்பாடு அவரே ஹாம்லெட் ஆனார், அந்த வேடத்தோடு நாடு நாடாகப் போனார். அந்தப் பயணத்தில்தான் ஒரு நாள், 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்ற தனிமொழியைச் சொல்லப் போகும்போது, மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. எத்தனையோ முறை சொன்ன வரி. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரிந்த வரி. அப்புறம் ஏறக்குறைய இரண்டு வருடம் அவர் மேடைப் பக்கமே போகவில்லை.

இதைச் சபைக்கூச்சம் என்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். கூச்சம் புதியவர்களுக்கு வருவது. இது பழகியவர்களைப் பிடிப்பது. ஒலிவியருக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. என் கண்ணைப் பார்க்காதீர்கள் என்று சக நடிகர்களிடம் கேட்டுக்கொண்டார். இன்னொரு ஆங்கில நடிகர் இயன் ஹோம் 1976ல் மேடையை விட்டவர், முழுதாகத் திரும்பி வர 1993 ஆயிற்று. வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போவதை மனம் ஒரு கணம் நின்று கவனித்துவிடுகிறது. அவ்வளவுதான், அடுத்த சொல் இல்லை.

எனக்கு இது நடந்திருக்கிறது. கல்லூரிக் கூட்டம் ஒன்றில், பத்து முறையாவது பேசிய அதே பேச்சு. நடுவில் நின்றுவிட்டேன். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கீழே இறங்கியதும் வயதான ஆசிரியர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் கையில் தாள் இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை.

ஜேக்கபிக்கு அந்தக் கையாக இருந்தது நீங்கள் குறைசொல்லும் தொலைக்காட்சிதான் என்று நினைக்கிறேன். சொல் நின்றால் இன்னொரு முறை எடுக்கலாம் அல்லவா? பிபிசியின் 'ஹாம்லெட்' 1980ல் வந்தது. அதே வேடம், அதே தனிமொழி. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை என்னையறியாமல் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

1982ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவில் மேடைக்குத் திரும்பினார். சின்ன வேடமாகப் பார்த்து எடுக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் பெனடிக், ப்ராஸ்பெரோ, இப்சனின் பியர் கிண்ட், பிறகு சிரானோ, எல்லாம் நாடகத்தின் முதன்மை வேடங்கள். மறதிக்குப் பயந்த மனிதர் மணிக்கணக்காக வசனம் பேச வேண்டிய வேடங்களையே ஏற்றுக்கொண்டார். பெனடிக் வேடத்துக்கு 1985ல் நியூயார்க்கில் டோனி என்ற நாடக விருது கிடைத்தது. லியர் மன்னனாக நின்றபோது அவருக்கு வயது 72.

'கேட்ஃபேல்' முதல் கதையைப் பாருங்கள் கவிதா. மூலிகைத் தோட்டத்தில் அவர் பேசாமல் நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.