நோன்புல பிராக்டிஸ் முடிஞ்சா ஒன்றரை கிலோ குறையுது, கொழுப்பு கரையுதா?

கொழுப்பு இல்ல தம்பி, கிட்டத்தட்ட முழுக்க தண்ணி. சாயங்கால அசர் தொழுதுட்டு பந்தாடினா 62 கிலோ 60.5 ஆகுதுன்னு எழுதிருக்கீங்க, அது உடம்பு எடைல 2 சதவீதத்துக்கு மேல, அந்த அளவுக்கு வந்தாலே கடைசி அரைமணி கால் ஓடாது.

குறைஞ்சத விட ஒன்றரை மடங்கு உள்ள போகணும், உங்களுக்கு ரெண்டேகால் லிட்டர். ஒரே மூச்சுல குடிச்சா சிறுநீராவே போயிடும், நோன்பு திறக்குற மஃரிப்லேர்ந்து விடியுமுன்ன சாப்பிடுற சஹர் வரைக்கும் பிரிச்சு குடிங்க. கூத்தாநல்லூர்ல இருந்துகிட்டு பள்ளிவாசல் கஞ்சிய விடலாமா, தண்ணி உப்பு அரிசி எல்லாம் அதுலயே இருக்கு, வடை சமோசாவ தள்ளி வச்சிட்டு சூடா ஒரு கிண்ணம் அத முதல்ல குடிங்க.

சஹருக்கு எந்திரிச்சதும் பாத்ரூம் போயிட்டு வெறும் வயித்துல எடை பாத்து எழுதுங்க. மூணு நாள் தொடர்ந்து இறங்கினா ராத்திரி தண்ணி பத்தலன்னு அர்த்தம். சிறுநீர் நிறமும் பாக்கலாம், ஆனா பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டா எப்பவுமே மஞ்சளாத்தான் இருக்கும், அத நம்பாதீங்க.

அசதிக்கு தூக்கமும் காரணமா இருக்கும். ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சு 12 மணிக்கு படுத்து 4 மணிக்கு எந்திரிச்சா நாலு மணி நேரந்தானே. எத்தன மணிக்கு படுத்தீங்கன்னு அதே நோட்டுல எழுதுங்க, மத்தியான லுஹர் தொழுகைக்கு அப்புறம் அரைமணி கண்ணசருங்க. பிராக்டிஸ நோன்பு திறக்குறதுக்கு கிட்டக்க தள்ளுங்க, முடிச்ச கையோட தண்ணி குடிக்கலாம்.

தலைசுத்தல், வாந்தி, தடுமாற்றம் வந்தா உடனே நிறுத்தி தண்ணி குடிங்க, உடம்புக்கு முடியாதவங்களுக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு, விட்ட நோன்ப பின்னால வச்சு களா செஞ்சுக்கலாம். சுகர், கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம ஆடாதீங்க.