கரண்ட் போனாலும் தாமானில் ஒரு விளக்கு எரிய வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

அக்கம்பக்கம் சேர்ந்து சோலார் போடுவது, பொதுவில் பேட்டரி வைப்பது, வெளி மின்சாரம் நின்றாலும் தாக்குப்பிடிப்பது பற்றி கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

எங்கள் கூரையில் 5 கிலோவாட் சோலார் இருக்கிறது. அண்மையில் பட்டப்பகலில் கரண்ட் போனது. நல்ல வெயில் அடித்தும் வீட்டில் ஒரு காற்றாடிகூட ஓடவில்லை. போட்டவர்கள் ஏமாற்றிவிட்டார்களா? (கெப்போங் வாசகி)

ஏமாற்றவில்லை அம்மா. ஆனால் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சோலார் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் உங்கள் இன்வெர்ட்டர், தெனாகா மின் நிறுவனத்தின் கம்பியில் வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பார்த்து அதன் தாளத்துக்கு ஓடும் வகை. அந்தத் தாளம் நின்றால் இதுவும் இரண்டு நொடிக்குள் நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. தெருவில் கம்பி அறுந்து கிடக்கிறது, பழுது பார்க்க ஒருவர் வந்திருக்கிறார், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைக்கிறார் என்று வையுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் வெளியே போனால் அவர் உயிர் போகும்.

சோலாரால் தனியாக வீட்டைத் தாங்கவும் முடியாது. ஒரு மேகம் கடந்தாலே உற்பத்தி சரிந்துவிடும். ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க ஒரு பேட்டரி வேண்டும். தெருவைப் பார்க்காமல் தானே தாளத்தை உருவாக்கக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். வீட்டைத் தெருவிலிருந்து கழற்றிவிடும் மாற்று சுவிட்ச் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் உங்கள் வீடே ஒரு குட்டி மைக்ரோகிரிட், அதாவது வெளி மின்சாரம் நின்றாலும் தனித்து ஓடும் சிறு மின் தொகுப்பு. இதையே பெரிதாக்கி ஒரு கட்டடத்துக்கோ, கிராமத்துக்கோ செய்தால் சமூக மைக்ரோகிரிட். சோலார் பலகை மட்டும் எத்தனை போட்டாலும் அது மைக்ரோகிரிட் ஆகாது.

பிறகு பேட்டரி சேர்ப்பதாக இருந்தால் ஐஸ்பெட்டி, இணைய ரௌட்டர், நாலு விளக்கு, இரண்டு காற்றாடி ஆகியவற்றுக்கு மட்டும் தனி சர்க்யூட் பிரிக்கச் சொல்லுங்கள். ஏர்கோனையும் சுடுநீர் ஹீட்டரையும் அதில் சேர்க்கவே வேண்டாம்.

எங்கள் வரிசையில் நாலு வீட்டில் சோலார் இருக்கிறது. மிச்சமாகும் மின்சாரத்தை மதில் மேல் வயர் இழுத்து மற்ற வீடுகளுக்குக் கொடுத்தால் என்ன? (செந்தூல்)

கொடுக்கக்கூடாது. 1990ஆம் ஆண்டின் மின் விநியோகச் சட்டப்படி, இன்னொருவருக்கு மின்சாரம் வழங்க எரிசக்தி ஆணையத்தின் உரிமம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், இரண்டு வீட்டு வயரிங்கை இப்படிக் கலந்தால் மின்கசிவு வெட்டிகள் குழம்பும். தீ பிடித்தால் காப்புறுதிப் பணம் கேட்கும்போதும் தகராறு வரும்.

அண்டை வீட்டுக்கு விற்கும் ஆசைக்கு முறையான வழி ஒன்று 2025இல் அறிவிக்கப்பட்டது. கிரீம் என்று அழைக்கிறார்கள். கூரையை ஒரு நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுகிறீர்கள். அது பல வீட்டுக் கூரைகளைத் திரட்டி, தெனாகாவின் கம்பி வழியாகவே அருகிலுள்ள வாடிக்கையாளர்களுக்கு விற்கிறது. கம்பியைப் பயன்படுத்துவதற்குத் தனிக் கட்டணமும் செலுத்துகிறது. உங்கள் கைக்கு வாடகை வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? வீட்டை விற்றால் என்ன ஆகும்?

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வருமானத்துக்கான ஏற்பாடு. தெரு இருண்டால் அந்தக் கூரையும் சேர்ந்தே நிற்கும்.

கோயில் மண்டபத்தில் டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். வெள்ள நேரத்தில் சுற்றுவட்டார மக்கள் எங்களிடம்தான் வருகிறார்கள். சோலாரும் பேட்டரியும் வைத்தால் தாங்குமா? எவ்வளவு வேண்டும்? (கோயில் நிர்வாகக் குழு, பினாங்கு)

வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் ஊர்களில் சமூக மைக்ரோகிரிட் தொடங்க ஏற்ற இடம் இப்படிப்பட்ட பொதுக் கட்டடம்தான். ஒரே மீட்டர், ஒரே உரிமையாளர், ஒரே கூரை. யாருக்கும் மின்சாரம் விற்காததால் முன்பு சொன்ன உரிமச் சிக்கலும் பெரும்பாலும் எழாது.

2017 நவம்பரில் பினாங்கில் ஒரே இரவில் கொட்டிய மழையையும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் ஏறினால் துணை மின்நிலையத்தைப் பாதுகாப்புக்காகத் தெனாகாவே அணைத்துவிடும். அதாவது கம்பியில் எந்தப் பழுதும் இல்லாமலே மின்சாரம் இருக்காது. சாலையும் மூழ்கியிருப்பதால் டீசலும் வராது. சோலாரின் மதிப்பு அப்போதுதான் தெரியும்.

கணக்கைப் பலகையிலிருந்து தொடங்காதீர்கள். இரவில் எது கட்டாயம் ஓட வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். 15 வாட் எல்இடி விளக்கு 20, எட்டு மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். 60 வாட் காற்றாடி பத்து, 12 மணி நேரம் ஓடினால் 7.2 யூனிட். இன்சுலின் மாதிரி மருந்துகளுக்கு ஓர் ஐஸ்பெட்டி, இரவுக்கு முக்கால் யூனிட். தண்ணீர் பம்ப் ஒரு மணி நேரத்துக்கு இன்னொரு முக்கால். நாற்பது கைப்பேசிகளுக்கு மொத்தமே அரை யூனிட்டுக்குச் சற்று மேல். எல்லாம் சேர்த்து 12 யூனிட்டுக்குள் அடங்கும். பேட்டரியை முழுக்க வடிக்கக்கூடாது என்பதால் 15 கிலோவாட்-மணி, அதாவது 15 யூனிட் அளவு வாங்கலாம்.

பலகைக்கு வருவோம். நம் வானிலையில் ஒரு கிலோவாட் பலகை ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு மூன்றரை யூனிட் வரை தரும். 5 கிலோவாட்டுக்கு 17 யூனிட். ஆனால் வெள்ளம் வரும் நாளில் வானம் சராசரியாகவா இருக்கும்? கருமேகம் கவிந்த நாளில் மூன்றில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கூரை இடம் கொடுத்தால் 10 கிலோவாட் போடுங்கள்.

ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள். மூன்றாம் நாளும் மழை விடாவிட்டால் பேட்டரியை நிரப்ப அது இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். இரவெல்லாம் உறுமிக்கொண்டிருக்காது. மாதம் ஒருமுறை அதை ஓட்டிப் பார்க்க ஒரு பெயரை நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள், அது நம் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த கதை.

அப்புறம் இடி. கிள்ளான் பள்ளத்தாக்கானாலும் பினாங்கானாலும் மின்னலுக்குக் குறைவில்லை. கோபுரத்தில் இடிதாங்கி இருந்தால் மட்டும் போதாது. சோலார் பக்கமும் தெரு பக்கமும் மின்னெழுச்சித் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) போட வேண்டும். விலைப்பட்டியலில் அது இல்லை என்றால் அந்தக் குத்தகையாளரை விட்டுவிடுங்கள்.

நாங்கள் இருப்பது ஜெலுத்தோங்கில் 20 மாடிக் குடியிருப்பு. மொட்டை மாடியில் சோலார் போட்டால் எல்லா வீட்டுக்கும் வருமா?

வராது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 5 சதுர மீட்டர் கூரை வேண்டும். தண்ணீர்த் தொட்டி, லிப்ட் அறை போக மிஞ்சும் இடத்தில் 30 கிலோவாட் வைக்க முடிந்தால் பெரிய விஷயம். அதை 160 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் தேறும். பொதுப் பகுதிக்கு, அதாவது படிக்கட்டு விளக்கு, தண்ணீர் பம்ப், ஒரு லிப்ட் ஆகியவற்றுக்கு அதைத் திருப்பிவிட்டால் பராமரிப்புக் கட்டணத்தில் வித்தியாசம் தெரியும். கூடவே முன்பு சொன்ன பேட்டரி, ஹைபிரிட் இன்வெர்ட்டர், மாற்று சுவிட்ச் மூன்றும் இருந்தால், கரண்ட் போனாலும் பதினெட்டாம் மாடிப் பாட்டி கீழே இறங்க முடியும். மொட்டை மாடி பொதுச் சொத்து என்பதால், 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் உள்ள உங்கள் நிர்வாக அமைப்பின் கூட்டத்தில் முறையாகத் தீர்மானம் போட வேண்டும்.

போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்? (பலர்)

சோலாருக்கும் பேட்டரிக்கும் தனித்தனிப் பதில். 2025 ஜூலை முதல் வீட்டு மின்சாரம் மாதம் 1,500 யூனிட் வரை யூனிட்டுக்கு 44.43 சென். இதில் எரிசக்திக் கட்டணம் 27.03 சென்தான், மற்றவை கம்பிக்கும் கொள்ளளவுக்கும். மிச்ச மின்சாரத்தை வெளியே அனுப்பி பில்லில் கழித்துக்கொள்ளும் பழைய நெம் திட்டம் 2025 ஜூன் 30இல் முடிந்தது. அதற்குப் பதிலாக 2026 ஜனவரியில் வந்த சோலார் அத்தாப் திட்டத்தில், வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு அந்த எரிசக்திப் பகுதிதான் கழியும். மாத முடிவில் மிஞ்சும் வரவு அடுத்த மாதத்துக்குப் போகாது. ஆகவே பகலில் நீங்களே பயன்படுத்தும் யூனிட்டுக்குத்தான் முழு மதிப்பு. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பெரிய சோலாரை யாராவது விற்க வந்தால் யோசியுங்கள்.

பேட்டரி விஷயம் வேறு. தீபகற்பத்தில் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே மின்தடையைச் சந்திக்கிறார். இவ்வளவு நம்பகமான மின்சாரம் உள்ள ஊரில் ஆபத்துக்கால பேட்டரி லாபம் தராது. தீயணைப்பான் என்ன லாபம் தருகிறது? அந்தக் கணக்கில்தான் வாங்க வேண்டும், அதனால்தான் வீட்டுக்கு ஒன்று வாங்குவதைவிட ஊருக்கு ஒன்று வாங்குங்கள் என்கிறேன்.

பேட்டரி வெடிக்காதா?

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தைத் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை நிரப்பி வடிக்கலாம். படிக்கட்டுக்குக் கீழே, வெளியேறும் வழியில், கற்பூரமும் எண்ணெயும் வைக்கும் அறையில் வைக்க வேண்டாம். போன வெள்ளத்தின் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, காற்றோட்டமான சுவரில் மாட்டுங்கள்.

இதெல்லாம் எங்காவது உண்மையில் நடந்திருக்கிறதா, இல்லை காகிதத்தில்தானா? (பிரிக்பீல்ட்ஸ்)

நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மலேசியாவின் முதல் மின்சாரமே ஒரு தனி மின் தொகுப்புதான். 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின் இயந்திரம் கொண்டு வந்தவர்கள் அந்தக் காலத் தொழிலதிபர்களான லோக் இயூவும் நம் தம்புசாமி பிள்ளையும். தோட்டங்களிலும் அப்படித்தானே இருந்தது? மாலையில் இன்ஜின் ஓடும், இரவு நிறுத்தினால் லயம் முழுக்க இருட்டு. இன்றைக்கு சரவாக்கின் உட்பகுதி நீள்வீடுகளில் சாரேஸ் என்ற கிராமப்புற மின்சாரத் திட்டம் 2016 முதல் சோலாரும் பேட்டரியும் வைத்து வருகிறது. சபாவில் கிராமத்தார் ஆற்று நீரில் சிறு டர்பைன் ஓட்டுகிறார்கள்.

நகரத்துக்கு உதாரணம் கேட்டால் ஜப்பானின் செண்டாய். 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஊர் இருண்டபோது, ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மைக்ரோகிரிட் முதலில் பேட்டரியாலும் சோலாராலும், பிறகு எரிவாயு இன்ஜினாலும் மருத்துவமனைக்கு மின்சாரம் கொடுத்தது. தோற்ற கதையும் உண்டு. பீகாரில் தர்னாய் கிராமத்தில் 2014இல் பெரிய விளம்பரத்தோடு 100 கிலோவாட் சோலார் தொகுப்பு வந்தது. பின்னாலேயே மலிவான அரசு மின்சாரமும் வந்தது. பேட்டரிகள் தேய்ந்தபோது மாற்ற ஆளும் இல்லை, பணமும் இல்லை. உங்கள் குழு முதல் நாளே பேட்டரி மாற்றும் நிதிக்கென்று தனிக் கணக்குத் திறக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

காற்றாலை வைக்கலாமா? பினாங்கில் கடற்கரைதானே? (பாயான் லெப்பாஸ்)

வேண்டாம். நம் காற்று ஆண்டின் பெரும்பகுதி மிக மெதுவானது, சிறிய காற்றாலை சும்மா நிற்கும். அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு பலகை வாங்குங்கள்.