பேரியம் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால், காலையில் காபி மட்டும் குடிக்கலாமா?

குடிக்கக் கூடாது. உங்கள் சீட்டிலும் தெளிவாக எதுவும் எழுதியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இட்லிகூட நெஞ்சில் நின்றுவிடுகிறது என்று அம்மா சொன்னதால், பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்க வைத்து, எக்ஸ்ரேயில் உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கும் பேரியம் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சீட்டின் ஓரத்தில் ‘என்.பி.ஓ.’ என்று மூன்று எழுத்துகள் இருந்தன. மருத்துவரின் பட்டம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ‘வாய் வழியாக எதுவும் கூடாது’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கமாம் அது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு லத்தீனில் அறிவுரை எழுதியவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

“ஒண்ணும் சாப்பிடலப்பா, அரை டம்ளர் காபிதான்” என்று அம்மா பெருமையாகச் சொன்னதும், எக்ஸ்ரே எடுப்பவர் எங்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டார். பேரியம் இரைப்பைச் சுவரில் சீராகப் படிந்தால்தான் புண்ணோ கட்டியோ திரையில் தெரியும். உள்ளே இருக்கும் திரவம் அதை நீர்க்கச் செய்யும், மிச்ச உணவு கட்டிபோலவே தோன்றி ஏமாற்றும். விழுங்கும் விதத்தை மட்டும் பார்க்கும் பரிசோதனைக்குப் பல இடங்களில் இவ்வளவு கண்டிப்பு இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்த வரலாம், அது உண்மைதான். ஆனால் உங்களுக்கு எழுதியிருப்பது எது என்பதைப் பரிசோதனை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், என்னைப்போல் ஊகிக்காதீர்கள்.

இன்னொன்றையும் நான் கோட்டை விட்டேன். அம்மா வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்திலேயே வியர்த்து மயக்கம் வந்துவிட்டது. எனவே சர்க்கரை நோய் இருந்தால், அன்றைய மாத்திரையையோ ஊசியையோ என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள், காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள். புகையும் வேண்டாம், அது இரைப்பையில் நீர் சுரக்க வைக்கும்.

மறுநாள் எல்லாம் சரியாக நடந்தது. குடித்த பேரியம் சுண்ணாம்புக் கரைசல்போல் இருந்ததாம். இரைப்பையை உப்ப வைக்கும் வாயுத்தூள் கொடுத்து ஏப்பத்தை அடக்கச் சொன்னதுதான் பெரும்பாடு என்றார் அம்மா. முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேரியம் இறுகி மலச்சிக்கலாகும். மலம் ஓரிரு நாள் வெள்ளையாகப் போகும் என்பதை நான் சொல்லி வைக்காததால், விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா என்னைப் பதறி எழுப்பினார்.