120 வீடுகளின் கழிவுநீர்: எந்திரமா, நாணல் படுகையா?

கேள்வி: எங்கள் ஊரில் 120 வீடுகள், ஏறத்தாழ 500 பேர். எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் உண்டு. ஆனால் அதிலிருந்து வழியும் தண்ணீரும் குளியல், சமையல் தண்ணீரும் சாக்கடை வழியாகக் குளத்தில்தான் சேர்கின்றன. காற்று ஊதும் எந்திர நிலையம் வைக்கலாம் என்கிறார் ஒருவர், நாணல் படுகை போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: நாணல் படுகைதான் என் தேர்வு. ஊர் எல்லையில் கால் ஏக்கர் நிலமாவது கிடைக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

எந்திர நிலையத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்வது காற்று கிடைத்தால்தான் வாழும் நுண்ணுயிரிகள். காற்று ஊதும் எந்திரம் பல மணி நேரம் நின்றால் அவை நலிந்துவிடும், தண்ணீர் நாற ஆரம்பிக்கும். மின்சாரம், உதிரிபாகம், தினமும் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள், இந்த மூன்றும் ஆண்டு முழுக்க இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். சிறிய ஊர்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் பூட்டிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நாணல் படுகை என்பது அடியில் களிமண்ணோ கனமான பிளாஸ்டிக் விரிப்போ போட்டு, மேலே அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஜல்லி நிரப்பி, நாணலோ சம்போ கல்வாழையோ நட்ட தொட்டி. தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே நகர்வதால் கொசு வராது. வேலையின் பெரும்பகுதியைச் செய்வது ஜல்லிமேல் ஒட்டி வளரும் நுண்ணுயிரிகள். செடி அவற்றுக்குத் துணைதான்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் நாளுக்கு 80 லிட்டர் செலவழித்து அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வந்தால், 500 பேருக்கு 32,000 லிட்டர். வெப்பமான பகுதி என்றால் தலைக்கு 2 முதல் 3 சதுர மீட்டர் படுகை வேண்டும், குளிர் பகுதியில் அதைவிடக் கூடுதல். 1,000 சதுர மீட்டர் படுகையில் தண்ணீர் ஐந்தாறு நாள் தங்கும்.

சரி, இது எப்போது கெடும்? கசடு உள்ளே வரும்போது. ஜல்லி அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே தேங்கும், அப்புறம் முழுவதையும் அள்ளிக் கழுவ வேண்டியதுதான். ஆகவே படுகைக்கான பள்ளத்தைத் தோண்டும் முன் 120 டேங்குகளையும் திறந்து பாருங்கள். தரை பூசாத வெறும் குழிகளும் அவற்றில் இருக்கலாம். அவற்றை மாற்றாவிட்டால் கழிவு கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலந்துகொண்டே இருக்கும். நல்ல டேங்காக இருந்தால், அடியில் படியும் கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதுமே லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும் சரி. டேங்கில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவின் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் தெரியவில்லை என்று நம்பி இறங்கியவர்கள் பிணமாக வெளியே வந்திருக்கிறார்கள்.

டேங்கில் தெளிந்த தண்ணீரை மட்டும் கொண்டுபோவதால் 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாயே போதும், சரிவும் அதிகம் வேண்டாம். குளியல், சமையல் தண்ணீரையும் டேங்க் வழியாகவே விடுங்கள். அதைத் தாங்க டேங்க் சிறியதென்றால், படுகைக்கு முன்னால் ஊருக்குப் பொதுவாக ஒரு படிவுத் தொட்டி கட்டிக்கொள்ளலாம். மழைநீரை மட்டும் சேர்க்கவே கூடாது. ஒரு பெருமழை போதும், டேங்கில் படிந்த கசடெல்லாம் கிளம்பிப் படுகைக்கு வந்துவிடும்.

வெளிவரும் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் நோய்க்கிருமி மிச்சமிருக்கும். பச்சையாகத் தின்னும் பயிருக்கு 100 மில்லிலிட்டரில் 1,000 மலக் கோலிஃபார்முக்கு (மலத்தில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா) மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இல் வரையறுத்தது. படுகை மட்டும் அந்த அளவுக்கு இறக்குவது அரிது. மரங்களுக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சுங்கள், கீரைக்கு வேண்டாம். குளத்தில்தான் விட வேண்டுமென்றால் இடையில் ஒரு மீட்டர் ஆழமுள்ள திறந்த குட்டை ஒன்றை வெட்டி, வெயில் படச் சில நாள் தேக்கி விடுங்கள்.

பராமரிப்புக்கு ஒரு குடும்பத்தையோ குழுவையோ சம்பளத்துடன் இப்போதே அமர்த்துங்கள். வாரம் ஒரு முறை நுழைகுழாய் அடைப்பைப் பார்ப்பது, ஆண்டுக்கு ஒரு முறை நாணலை அறுப்பது, எந்த வீட்டு டேங்க் எப்போது காலி செய்யப்பட்டது என்று நோட்டில் எழுதிவைப்பது, இவ்வளவுதான் வேலை.