பதில்: கிளை நூலகத்தில் மூட்டையாகவே கிடக்கும் ஐயா வீட்டுப் புத்தகங்கள்

உங்கள் ஐயா (தாத்தா) வீட்டிலிருந்து கிளை நூலகத்துக்குக் கொடுத்த புத்தகங்கள் இன்னும் மூட்டை பிரிக்காமலே கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். நூலகரிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே இருக்காமல் ஒரு பட்டியல் கொடுங்கள். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு போதும். ஒரு நகல் சிவகங்கை மாவட்ட நூலக அலுவலருக்கும் போகட்டும்.

பெரும்பாலும் சிக்கல் இதுதான்: இருப்புப் பதிவேட்டில் ஏறாத புத்தகத்தை நூலகர் அலமாரியில் வைக்க மாட்டார். ஏற்றிவிட்டால், தொலைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தயங்குவதில் நியாயம் உண்டு.

மூட்டையில் நாலைந்தை எடுத்துப் பாருங்கள். நூலக முத்திரையும் எண்ணும் இல்லையென்றால் இன்னும் பதியவில்லை.

ஆனால் 1950க்கு முந்தைய பதிப்புகள், ரங்கூனில் அச்சானவை ஏதும் இருந்தால் பதியுமுன் பிரித்தெடுத்துவிடுங்கள். பதிந்தபின் திரும்ப வாங்குவது பெரும்பாடு. இரவல் போனால் கிழிந்துதான் வரும். அப்படிப்பட்டவற்றை எடுத்துக்கொள்வார்களா என்று, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேகரிப்பிலிருந்து உருவான சென்னை ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.