டோக்கின் கோல்ஃப் கையேடு: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். கோல்ஃப் ஆடுவதைவிட மைதானங்களைப் பற்றிப் படிப்பதில்தான் ஆர்வம் அதிகம். மைதான வடிவமைப்பாளர் டாம் டோக் எழுதிய ‘தி கான்ஃபிடென்ஷியல் கைடு டு கோல்ஃப் கோர்ஸஸ்’ பழைய பதிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 1996 பதிப்பு நூலக முத்திரையோடு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது; மேலுறையோடு இன்னொன்று பல மடங்கு விலை. 1988ல் வந்த முதல் நகல் என்று ஒருவர் ஸ்பைரல் போட்ட கட்டு ஒன்றையும் விற்கிறார். புதிதாகப் பல தொகுதிகள் வந்த பிறகும் பழையதற்கு இவ்வளவு கொடுக்கலாமா?

பதில்: படிப்பதற்கு என்றால் நூலக முத்திரை போட்டதையே வாங்குங்கள். சேர்த்து வைக்கவும் ஆசை என்றால் மேலுறை உள்ளதை, கீழே சொல்பவற்றைச் சரிபார்த்துவிட்டு வாங்கலாம். அந்த 1988 கட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

காரணம் இந்தப் புத்தகம் பிறந்த விதத்தில் இருக்கிறது. டோக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். உதவித்தொகையில் பிரிட்டன், அயர்லாந்து மைதானங்களைச் சுற்றிப் பார்த்தார், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் கேடியாகவும் (ஆடுபவரின் பையைத் தூக்கிச் செல்லும் உதவியாளர்) இருந்தார். பிறகு பிரபல மைதான வடிவமைப்பாளர் பீட் டையிடம் வேலை கற்றுக்கொண்டார். பார்த்த மைதானங்களைப் பற்றி மனதில் பட்டதைப் பூசி மெழுகாமல் எழுதி, 1988ல் நண்பர்களுக்காகச் சில பிரதிகள் மட்டும் எடுத்துக் கொடுத்தார். 1994ல் 1,000 பிரதிகள் கொண்ட பதிப்பு வந்தது. 1996ல் மிச்சிகனைச் சேர்ந்த ஸ்லீப்பிங் பேர் பிரஸ் கடைகளுக்கு வரும்படி வெளியிட்டது. அதுவும் தீர்ந்துபோனதும் விலை ஏறத் தொடங்கியது.

ஆக, 1988 பிரதி என்பது கடைக்கே வராத, கைக்குக் கை போன ஒன்று. நகல் இயந்திரம் இருக்கும் யாரும் அதுபோல ஒன்றைச் செய்துவிடலாம். தாளைப் பார்த்தோ பைண்டிங்கைப் பார்த்தோ நாம் தீர்மானிக்க முடியாது. டோக் கைப்பட எழுதிக் கொடுத்த வரி, கூட வந்த கடிதம், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற தடம், இவற்றில் ஏதாவது இருந்தால்தான் பேச்சே தொடங்க வேண்டும். ‘எங்கள் மாமா கொடுத்தார்’ என்பது தடம் ஆகாது.

இனி உங்கள் முக்கியமான சந்தேகம். 2014 முதல் திருத்திய பதிப்பு பகுதி பகுதியாக, தொகுதிகளாக வந்தது. ரான் மோரிசெட், மாசா நிஷிஜிமா, டேரியஸ் ஆலிவர் மூவரும் டோக்கோடு சேர்ந்து எழுதினார்கள். ஒரே மைதானத்துக்குப் பத்துக்கு ஒருவர் ஆறு மதிப்பெண்ணும் இன்னொருவர் எட்டும் போட்டிருப்பதைப் பார்ப்பது சுவாரசியம்தான். விளையாடப் போகும் ஊரைத் தீர்மானிக்க அதுவே போதும், சொல்லப்போனால் அதுதான் சரி. 1996 பதிப்பை நம்பி ஆரெகான் மாநிலத்தில் பாண்டன் டூன்ஸ் மைதானத்தைத் தேடினால் கிடைக்காது; அது 1999ல்தான் திறந்தது. அங்கேயே டோக் அமைத்த பசிஃபிக் டூன்ஸ் 2001ல்தான் வந்தது.

ஆனால் பழையதில் ஒரே ஆளின் குரல் இருக்கிறது. சொந்தமாகப் பெரிய பெயர் எடுப்பதற்கு முன், தன் தொழிலில் இருக்கும் மூத்தவர்களின் வேலையையே தாட்சண்யம் இல்லாமல் எடைபோட்ட இளைஞனின் குரல். பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண். மூன்று என்றால் சராசரி மைதானம், ஐந்து என்றாலே சராசரிக்கு நன்றாக மேலே. இது தெரியாமல் ஐந்தைப் பார்த்து மட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. பத்து வாங்கிய இடத்தில் ஒரு ஹோலைக்கூட விட்டுவிட்டு வர மனம் வராது. பூஜ்ஜியம் வெறும் மோசமான மைதானத்துக்கு இல்லை. பணத்தைக் கொட்டி இயற்கைக்கு விரோதமாகக் கட்டியதற்கு. கோபத்துக்கென்றே ஒரு எண்ணை ஒதுக்கி வைத்த அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இந்த அளவுகோல் பிடிக்கும்.

இன்னொன்று. மைதானங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானத்தில் வடிவமைப்பாளர்கள் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் 2010, 2011ல் புல்லை அகற்றி மணல் திட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் மைதானத்தில் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிப் பழைய திறந்தவெளியை மீட்டார்கள். 1996ல் எழுதியது அந்த மாற்றங்களுக்கு முந்தைய காலத்தின் பதிவு. வழிகாட்டியாக அது பழசுதான், ஆனால் வரலாறாக அதற்கு மாற்று இல்லை. புதிய தொகுதிகளை வாங்கிய பிறகும் பழையதைத் தேடுவதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? விற்பவரிடம் பதிப்புரிமைப் பக்கத்தின் படம் கேளுங்கள். எண் வரிசை இருந்தால், அதில் உள்ள மிகச் சிறிய எண் எத்தனையாவது அச்சு என்று சொல்லும். மேலுறையின் முனைகள், உள்மடிப்பில் விலை கத்தரிக்கப்பட்டிருக்கிறதா, முதுகுப்புறம் வெயிலில் வெளுத்திருக்கிறதா, இவற்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். வழவழப்பான தாளில் ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தே உரிந்து வரும். அதனால் ‘கொஞ்சம் தண்ணீர்க் கறை’ என்று எழுதியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் தான் ஆடிய இடங்களுக்கு டிக் அடித்துச் சொந்த மதிப்பெண் போட்டிருந்தால் விலை குறையும். எனக்கென்னவோ அப்படிப்பட்ட பிரதிதான் பிடிக்கும்.

விலைக்கு, கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. சில மாதங்கள் அதைக் கவனித்தால் நிஜ விலை பிடிபடும். 1970ல் தொடங்கிய கோல்ஃப் சேகரிப்பாளர் சங்கம் இன்று கோல்ஃப் ஹெரிடேஜ் சொசைட்டி என்ற பெயரில் இயங்குகிறது. அதன் உறுப்பினர்களிடம் விசாரித்தால் கடைகளுக்கு வராத பிரதிகளும் வெளியே வரும்.

வாங்கியதும் மேலுறைக்கு நூலகங்கள் போடும் தெளிவான பாலியெஸ்டர் உறை போடுங்கள். கிழிசல் இருந்தால் செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், பசை மஞ்சளாகி உள்ளே இறங்கிவிடும். லேமினேஷனும் வேண்டாம்.