சுவரோரத்து 0.2 மில்லிமீட்டர்

கேள்வி: வேதிப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 2 செ.மீ. விட்டமுள்ள குழாயின் உட்சுவரில் 10 செ.மீ. நீளத்துக்குப் பென்சாயிக் அமிலம் பூசி, நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் தண்ணீர் ஓடவிட்டு, எடை இழப்பைக் கொண்டு கரையும் வேகத்தை அளக்கிறேன். இதே ஓட்டத்தின் கணினி சிமுலேஷனில் அழுத்த இழப்பு சூத்திரத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் கரையும் வேகம், சோதனையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் வருகிறது. மெஷ்ஷின் (கணக்குக்காகக் குழாயைப் பிரிக்கும் வலை) கட்டங்கள் 0.5 மி.மீ. கொந்தளிப்பு மாதிரியை (சுழல்களால் வரும் கலக்கத்துக்கான சமன்பாடுகள்) சேர்த்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, இயக்கப் பாகுநிலையால் வகுத்தது) ஏறக்குறைய 1000. குழாயில் கொந்தளிப்பு தலைகாட்டுவதே 2300-ஐ ஒட்டித்தான். அந்த மாதிரியைச் சேர்த்தால் இல்லாத கலக்கம் கணக்கில் நுழைந்து, விடை தற்செயலாகப் பொருந்தியும் விடலாம். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

அழுத்த இழப்பு பொருந்தினால் வேகப் பரவல் சரி என்றுதான் பொருள். செறிவுக்கு அது சாட்சி சொல்லாது. தண்ணீரின் இயக்கப் பாகுநிலை நொடிக்குச் சுமார் 10⁻⁶ சதுர மீட்டர். அதில் பென்சாயிக் அமிலம் விரவும் கெழு (தானாகப் பரவும் வேகத்தின் அளவு) அதே அலகில் சுமார் 10⁻⁹. இரண்டின் விகிதமான ஷ்மிட் எண் 1000. அதாவது அமிலம் சுவரை விட்டு நகரவே தயங்குகிறது. எவ்வளவு தயங்குகிறது என்பதைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். 1928-இல் வெளிவந்த லெவெக்கின் தீர்வு இதற்குப் போதும் (வெப்பத்துக்காக எழுதப்பட்டது, அதுவும் முனைவர் பட்ட ஆய்வேடுதான்). ரெனால்ட்ஸ் எண், ஷ்மிட் எண், விட்டத்துக்கும் நீளத்துக்குமான விகிதம் மூன்றையும் பெருக்கி, கனமூலம் எடுத்து, 1.62-ஆல் பெருக்குங்கள். சராசரி ஷெர்வுட் எண் (விட்டம், செறிவுப் படலத்தின் தடிப்பைப் போல் எத்தனை மடங்கு என்பது) சுமார் 95 வரும். விட்டத்தை அதனால் வகுத்தால், சுவரோரம் அமிலம் செறிந்து நிற்கும் அந்தப் படலத்தின் சராசரித் தடிப்பு 0.21 மி.மீ.

உங்கள் முதல் கட்டத்தின் மையமோ சுவரிலிருந்து 0.25 மி.மீ. தள்ளி இருக்கிறது. படலம் முழுவதும் அந்த ஒரே கட்டத்துக்குள் ஒளிந்துகொண்டது. பூச்சு தொடங்கும் விளிம்பில் படலம் இன்னும் மெல்லியது. கரைதல் அங்கேதான் மிக வேகம். அதைத்தான் கணினி கோட்டைவிடுகிறது. சுவரோரக் கட்டத்தை 0.01 மி.மீ. ஆக்கி, அடுத்தடுத்த கட்டங்களை 1.2 மடங்குக்கு மிகாமல் வளரவிடுங்கள். பிறகு அதையும் பாதியாக்கி, விடை அசைகிறதா என்று பாருங்கள்.

சோதனையும் குற்றமற்றது என்று நான் நம்பவில்லை. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரா? வெப்பமானி வைத்தீர்களா? 25 டிகிரியில் லிட்டருக்கு 3.4 கிராம் கரையும் பென்சாயிக் அமிலம், 30 டிகிரியில் ஏறத்தாழ 4 கிராம் கரையும். மாதிரியில் 25 டிகிரி மதிப்பை இட்டிருந்தால் அங்கேயே பெரிய பிழை. பூச்சுக்கு முன்னால் வெறும் குழாய் 1.2 மீட்டராவது இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் ஓட்டம் முழு வடிவம் பெறாமல், சுவரோரத்தில் கூடுதல் வேகத்தோடு பூச்சை அடையும்.

எடை இழப்பை மட்டும் நம்பாதீர்கள். 25 டிகிரியில் மணிக்கு 0.36 கிராம் அளவில்தான் கரைய வேண்டும். பூச்சிலிருந்து சிறு துணுக்கு உதிர்ந்தாலும் அது கரைந்த கணக்கில் ஏறிவிடும். வெளியேறும் நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம்தான் இருக்கும் என்பதால் டைட்ரேஷன் (காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளப்பது) உதவாது. வடிகட்டி, புற ஊதா நிறமாலைமானியில் வைத்துப் பாருங்கள். எடைக் கணக்கு அதைவிடக் கூடுதலாக இருந்தால், மிச்சம் வடிதாளில் கிடக்கும்.